தட்டிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்: வெளிச்சுவர் பூச்சு கேள்வி–பதில்

போன இதழில் வெளிச்சுவர் டெக்ஸ்சர் பூச்சு பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்தத் தடவை முழுக்க அதுதான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் வீட்டு வெளிச்சுவர் முழுக்கச் சொரசொரப்பான டெக்ஸ்சர் பூச்சு. ஜன்னலுக்குக் கீழே ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. கொத்தனார் பார்த்துவிட்டு, "அந்த இடத்தை மட்டும் பூசிவிடலாம்மா, அரை நாள் வேலை" என்கிறார். என் கணவரோ சுவர் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்று நிற்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே சுவரைத் தட்டிப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். விழுந்த இடத்தின் ஓரத்தில் ஆரம்பித்து வெளியே நகருங்கள். பூச்சு சுவரோடு பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். விட்டுப்போயிருந்தால் உள்ளே காற்று இருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும், இதற்குப் பெரிய காது ஒன்றும் வேண்டாம். சத்தம் மாறுகிற இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். விழுந்தது முறம் அளவு என்றால், சுவரை விட்டு நிற்பது பெரும்பாலும் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், இன்னும் விழவில்லை அவ்வளவுதான். கோட்டுக்குள் வந்த இடம் சுவரில் பாதியைத் தாண்டினால் உங்கள் கணவர் சொல்வது சரி. ஜன்னலைச் சுற்றி மட்டும்தான் என்றால் கொத்தனார் சொல்வது சரி, ஆனால் அரை நாள் கணக்கு சரியில்லை.

அதற்கு முன் ஒரு கேள்வி. ஏன் ஜன்னலுக்குக் கீழே விழுந்தது? அங்கே தண்ணீர் போகிறது, வேறு காரணம் அநேகமாக இருக்காது. ஜன்னலின் கீழ்க்கட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறதா, சுவரைவிட்டுக் கொஞ்சமாவது நீண்டிருக்கிறதா, அதன் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு காடி ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அந்தக் காடி எதற்கென்றால், கட்டையின் அடிப்பக்கமாகச் சுவரை நோக்கி ஊர்ந்து வரும் தண்ணீர் அங்கே வந்ததும் மேற்கொண்டு நகர முடியாமல் சொட்டிவிடும். காடி இல்லை என்றாலும், போன தடவை பெயின்ட் அடித்தவர் புட்டி வைத்து அதை அடைத்துவிட்டார் என்றாலும் (நிறையப் பேர் 'அழகாக' அடைத்துவிடுகிறார்கள்), மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் நேராகப் பூச்சுக்குப் பின்னால் போகும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கையும் பாருங்கள், அங்கே சீலன்ட் காய்ந்து பிளந்திருக்கலாம். இதையெல்லாம் சரிசெய்யாமல் பூசினால், பூசிய இடம் மறுபடியும் விழும். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

சரி, வேலைக்கு வருவோம். சாக்பீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே, பிடிமானம் உள்ள பூச்சு தொடங்கும் இடம்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஓரம் பல் பல்லாக, மெலிந்து மெலிந்து முடியக் கூடாது. நேர்க்கோட்டில் வெட்டி, உள்பக்கம் லேசாகச் சாய்த்துவிட்டால் புதுப்பூச்சு பழையதன் அடியில் பிடித்து உட்காரும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒட்டாத பூச்சை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், பல நேரம் செங்கல் தூள் மாவாக அப்பியிருக்கும். அன்றைக்குச் சுவரைச் சுத்தம் பண்ணாமல் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுவரை முந்தின நாளே நனைத்துவிட்டு, பூசும்போது ஈரமாக இருந்தால் போதும், மேலே தண்ணீர் மினுமினுக்கக் கூடாது. காய்ந்த செங்கல் சாந்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் சிமென்ட் இறுகுவதற்கே தண்ணீர் இருக்காது.

ஒட்டுவதற்கு லேடெக்ஸ் திரவம் கலந்த சிமென்ட் பால் அடிப்பார்கள். நல்லதுதான், ஆனால் அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சாந்து மேலே ஏற வேண்டும். காலையில் அடித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து பூசினால், காய்ந்த படலம் வழுக்கும் தாளாகிவிடும். அதற்கு ஒன்றும் அடிக்காமலே இருந்திருக்கலாம். அடிப்பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டர், அது கொஞ்சம் இறுகியதும் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், அடுத்த நாளோ அதற்கப்புறமோ மேல்பூச்சு. பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஒரே தடவையில் 20, 25 மில்லிமீட்டர் அப்பிவிட்டால் சொந்த எடையிலேயே சரிந்து, உள்ளே விட்டுப்போகும். ஆக, இரண்டு மூன்று நாள் வேலை, நடுவில் காத்திருப்பதும் சேர்த்து.

கேள்வி: நானே ஒரு சின்ன இடத்தைப் பூசினேன். பலமாக இருக்கட்டும் என்று ஒன்றுக்கு இரண்டு சிமென்ட் போட்டும் ஒரே மாதத்தில் சுற்றிலும் வெடிப்பு விட்டுவிட்டதே, ஏன்?

பதில்: சிமென்ட் கூடுதலாகப் போட்டதால்தான். சிமென்ட் அதிகமான கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும். சுருங்கும்போது சுற்றியிருக்கும் பழைய, மென்மையான பூச்சைப் பிடித்து இழுக்கும். ஓரம் பிளக்கும், சில நேரம் பழைய பூச்சையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும். வெளிப்பூச்சில் ஒரு விதி உண்டு: உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது பலமாக இருக்கக் கூடாது. சுவரைவிட அடிப்பூச்சு கொஞ்சம் இளைத்ததாக, அடிப்பூச்சைவிட மேல்பூச்சு இன்னும் கொஞ்சம் இளைத்ததாக இருக்க வேண்டும். சாதாரணச் செங்கல் சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று கலந்தால் நல்ல கலவை. சுண்ணாம்பு சேர்ந்தால் சாந்து வெண்ணெயாக இழுபடும், இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் ஒன்றுக்கு ஐந்து, ஆறு என்று சிமென்ட் மணல் போதும்.

மணலையும் கவனியுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே சேறு தனிப்படலமாக உட்காரும். அந்தப் படலம் கனமாக இருந்தால் அந்த மணலே வேண்டாம், சேறுதான் வெடிப்புக்கு இன்னொரு காரணம். அப்புறம், கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாந்தில் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசாதீர்கள்.

கேள்வி: ஒட்டுப் போட்ட இடம் நன்றாகப் பிடித்துவிட்டது. ஆனால் தெருவிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தனியாகத் தெரிகிறது. பழைய டெக்ஸ்சரை அப்படியே கொண்டுவர வழி உண்டா?

பதில்: அச்சு அசலாக வராது. கிட்டத்தட்டக் கொண்டுவரலாம், மீதியை நீங்கள் ஒட்டு எங்கே முடிகிறது என்பதை வைத்து மறைக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை, அதனால் அதையே முதலில் சொல்கிறேன். சுவரின் நட்டநடுவில் முடிகிற ஒட்டு எத்தனை திறமையாகப் போட்டாலும் கண்ணில் படும். அதே ஒட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, சுவர் மூலைவரையோ, மழைநீர்க் குழாய்வரையோ, ஜன்னல் ஓரம்வரையோ, சுவரில் ஏற்கெனவே இருக்கும் கோட்டுக் காடிவரையோ கொண்டுபோய் முடித்தால் சேர்க்கை தெரியாது. கொஞ்சம் நல்ல பூச்சைக் கூடுதலாகக் கொத்த வேண்டியிருக்கும், மனசு வராது, ஆனால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இனி டெக்ஸ்சர். விழுந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளங்கை அளவில் ஒரு துண்டை எடுத்து உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். கீழே சாம்பல் நிற அடிப்பூச்சு, அதற்கு மேலே மணி மணியாக டெக்ஸ்சர், அதற்கும் மேலே ஒவ்வொரு வண்ணமாகப் பெயின்ட் படலங்கள் என்று எல்லாம் வரிசையாகத் தெரியும். நாலு தடவை பெயின்ட் ஏறிய சுவரில் பள்ளங்களெல்லாம் பாதி நிரம்பி, முனைகள் மழுங்கிப் போயிருக்கும். புதிதாக அடித்த டெக்ஸ்சர் கூர்மையாக இருப்பதால்தான் தனித்துத் தெரிகிறது. அப்புறம் (பழைய வீடு என்றால் கடைசிப் பதிலைப் படித்துவிட்டு) அந்தத் துண்டை நொறுக்கிச் சல்லடையில் சலித்துப் பாருங்கள், அதில் தங்குகிற பெரிய மணி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து அதே அளவுக்கு மணலோ கல்பொடியோ எடுக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் மணி இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் மணல் போட்டால் எந்தக் கைவித்தையாலும் பழைய தோற்றம் வராது.

அடுத்தது கை அசைவு. சாந்தை வீசி அடித்த பூச்சு என்றால் கரண்டியில் கொஞ்சமாக எடுத்து மணிக்கட்டைச் சுண்டி எறிய வேண்டும், தேய்க்கவே கூடாது. நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வரவர அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, சேர்க்கையை ஈரப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி மழுக்கிவிடுங்கள். டப்பாவில் வரும் அக்ரிலிக் டெக்ஸ்சர் வேறு வகை. அதைப் பரப்பிச் சில நிமிடம் விட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் இழுக்கும்போது உள்ளே இருக்கும் கல்மணிகள் உருண்டு கோடு போடும். பழைய கோடுகள் மேலிருந்து கீழா, வட்டமா, இஷ்டத்துக்குமா என்று பார்த்து அதே போக்கில் இழுக்க வேண்டும். ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்த பூச்சு என்றால் எல்லாம் நேரம்தான். சீக்கிரம் தேய்த்தால் சாந்து இழுபட்டு வரும், தாமதித்தால் மணலே எழும்பாது.

இது எதையும் சுவரில் முதலில் செய்து பார்க்காதீர்கள். ஒரு பழைய பிளைவுட் பலகையில் அடித்து, சுவருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும் நேரத்தில் பாருங்கள். வெயில் சுவருக்கு நேராக விழும்போது எல்லா டெக்ஸ்சரும் ஒன்றுபோலத்தான் தெரியும், உரசிக்கொண்டு விழும்போதுதான் வித்தியாசம் முகத்தில் அடிக்கும்.

கடைசியாக வண்ணம். அந்தச் சுவரின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை முழுவதும் அடித்தாக வேண்டும். அதே டப்பா, அதே எண் என்றாலும் வெயிலில் கிடந்து வெளுத்த பழைய வண்ணத்தோடு புதியது சேராது.

கேள்வி: சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது, அதற்கு மேலே டெக்ஸ்சர் கையால் தொட்டாலே உதிர்கிறது. வாட்டர்புரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிட்டால் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது, மோசமாகும். சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அது வெளியே ஆவியாகும்போது கரைந்துவந்த உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் வழியை அடைத்தால் உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாக விளைந்து பூச்சைத் தள்ளிவிடும், இல்லாவிட்டால் ஈரம் வீட்டுக்குள் பக்கம் திரும்பும். முதலில் வெளியே தரையைப் பாருங்கள். தோட்ட மண், சிமென்ட் நடைபாதை, அடுக்கிய செங்கல் என்று எதுவாவது சுவரில் இருக்கும் ஈரத்தடுப்புப் படலத்தைவிட (தரை ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் குறுக்கே வைக்கும் அடுக்கு) உயரமாக வந்துவிட்டதா? வெளிப்பூச்சே அந்தப் படலத்தைத் தாண்டித் தரைவரை இறங்கியிருக்கிறதா? அப்படியானால் தரை ஈரம் பூச்சு வழியாகவே படலத்தைத் தாண்டி ஏறுகிறது. மண்ணை இறக்குங்கள். பூச்சைத் தரைக்கு ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் மேலேயே நிறுத்துங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி எடுத்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள்தான் போகும். சுவர் காய மாதக்கணக்கில் ஆகலாம், அதற்குள் அவசரப்பட்டுப் பூச வேண்டாம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு என்றால் அதன்மேல் சிமென்ட் பூச்சே கூடாது. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டு வாழ்ந்த சுவர், சுண்ணாம்பால் மட்டும் பூசுங்கள்.

கேள்வி: பூச்சில் நூல் நூலாக நிறைய விரிசல். ஒன்று மட்டும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: நூல் விரிசல்களுக்குப் பயம் வேண்டாம், நெகிழும் தன்மையுள்ள பெயின்ட் நன்றாக இரண்டு கோட் அடித்தால் மூடிவிடும். சாய்வாகப் போவதைத்தான் பார்க்க வேண்டும். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நடுவில் ஓரிடத்தில் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் முனை கோட்டைத் தாண்டினாலோ அகலம் கூடினாலோ அது பூச்சுப் பிரச்சினை இல்லை, கட்டடம் நகர்கிறது. கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முன்னே துருத்திக்கொண்டிருந்தாலும், ஏடிஎம் கார்டு உள்ளே நுழைந்தாலும் காத்திருக்காமலே கூப்பிடுங்கள்.

நகராத விரிசல் என்றால் அதைக் கொஞ்சம் அகலமாக்கித் தூசி போக்கி நிரப்பலாம். ஆனால் கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் வந்த விரிசலை வெறும் சாந்தால் நிரப்பாதீர்கள். இரண்டும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிகிற பொருட்கள். அந்த இடத்தில் பூச்சைப் பட்டையாகக் கொத்தி, இரண்டு பக்கமும் சமமாகப் படும்படி வலை வைத்துத்தான் பூச வேண்டும்.

கேள்வி: சன்ஷேடின் அடியில் பூச்சு விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மேலே டெக்ஸ்சர் அடித்து மறைத்துவிடலாமா?

பதில்: கூடாது. கம்பி துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகும், அதுதான் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளியது. நீங்கள் மறைத்தாலும் துரு நிற்கப்போவதில்லை. கம்பிக்குப் பின்பக்கமும் பிரஷ் போகும் அளவுக்குக் கொத்தி, பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த ரிப்பேர் சாந்து வைத்து, அதற்கப்புறம்தான் டெக்ஸ்சர். கம்பி பாதியாக இளைத்திருந்தால் இது என் பதிலில் அடங்காது, பொறியாளர் பார்க்க வேண்டும். அதுவரை அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம், வண்டியும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பச்சையாகப் பாசி பிடித்த டெக்ஸ்சரைப் பிரஷர் வாஷர் வைத்து அடிக்கலாமா?

பதில்: உறுதியான பூச்சில், குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று, சரி. விரிசல் விட்ட பூச்சில் அடித்தால் தண்ணீரை நீங்களே பின்னால் ஏற்றுகிறீர்கள். பாசிக்கொல்லி மருந்தைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதே மேல். பிளீச் பயன்படுத்துகிறவர்கள் அதோடு எந்த ஆசிடையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: எங்கள் வீடு புதியது. நீங்கள் சொன்னதுபோல் தட்டிப் பார்த்தேன், சார். எல்லாச் சுவரும் எல்லா இடத்திலும் காற்றாகவே சத்தம் போடுகிறது! முழுதும் விழப்போகிறதா?

பதில்: விழாது, நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் சுவருக்கு வெளியே வெப்பத்தடுப்பு ஃபோம் பலகை ஒட்டி, அதன்மேல் வலை வைத்து மெல்லிய பூச்சுப் போட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. கட்டியவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அப்படியென்றால் மேலே சொன்ன சுத்தியல், உளி, கனமான சாந்து எதுவும் உங்களுக்கு இல்லை. ஓட்டை விழுந்த இடத்தில் சேதமான ஃபோமை வெட்டி எடுத்து அதே கனத்தில் புதுத் துண்டை இறுக்கமாக வைத்து, பழைய வலையின் மேல் புது வலை எல்லாப் பக்கமும் 100 மில்லிமீட்டராவது ஏறும்படி அதற்கான பசைச் சாந்தில் பதித்து மூட வேண்டும். அந்த முறையைத் தயாரித்த நிறுவனத்தின் பொருட்களையே வாங்குங்கள். ஓட்டையைத் திறந்தே விட்டுவைக்காதீர்கள், உள்ளே போன மழைத்தண்ணீர் லேசில் வெளியே வராது.

கேள்வி: பூசி முடித்த எத்தனை நாளில் பெயின்ட் அடிக்கலாம்?

பதில்: சிமென்ட் பூச்சுக்கு முதல் வாரம் முழுக்க ஈரம் காக்க வேண்டும், வெயில் நேராகப் படும் சுவர் என்றால் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். அப்புறம் காய விட்டு, பூசிய நாளிலிருந்து 28 நாள் கழித்து அடிப்பது பாதுகாப்பு. புதுச் சிமென்ட் காரத்தன்மை மிகுந்தது, பிஎச் (அமிலம், காரம் அளக்கும் எண்) 12-க்கு மேலே இருக்கும். சாதாரணப் பெயின்ட்டின் வண்ணத்தைத் தின்றுவிடும். அவசரம் என்றால் காரத்தைத் தாங்கும் பிரைமர் இருக்கிறது, ஆனால் ஈரமான சுவரில் அதுவும் நிற்காது.

கேள்வி: ஏணி வைத்து நானே செய்துவிடலாமா? ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

பதில்: தரையில் நின்று கை எட்டும் இடம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கிவிடும். அதற்கு மேலே சாரம் கட்டாமல் வேண்டாம். ஒரு கையில் சாந்துப் பலகை, ஒரு கையில் கரண்டி, ஏணியைப் பிடிக்கக் கை எங்கே? இன்னொன்று, பழைய டெக்ஸ்சர் பூச்சுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும்) கலந்த காலம் ஒன்று உண்டு, பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். வீடு பழையது, பூச்சு எப்போது அடித்தது என்று தெரியாது என்றால், தேய்ப்பதற்கோ கொத்துவதற்கோ முன்னால் ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை அந்தச் சுவரில் உளி வைக்காதீர்கள்.